அமைதிப் பேரணிக்குத் தொண்டராகப் போகிறீர்களா? வாலில் நில்லுங்கள்

ஊரில் ஏதோ நடந்திருக்கும். பள்ளி மாணவர்களுக்குள் வந்த தகராறு சாதித் தகராறாக மாறியிருக்கும். இல்லை, ஒரு திருவிழா ஊர்வலம் இன்னொரு தெருவைக் கடக்கையில் கல் விழுந்திருக்கும். எதுவும் நடக்காமலேகூட, அக்டோபர் 2-க்கோ ஜனவரி 30-க்கோ "இந்த வருஷம் எல்லாரும் சேர்ந்து நடக்கலாமே" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உங்களுக்கும் சேர்ந்துகொள்ள ஆசை. ஆனால் எந்த ஊர்வலத்திலும் இதுவரை வேலை செய்ததில்லை. அப்படிப்பட்டவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு நடுத்தர ஊர், இருநூறிலிருந்து ஆயிரம் பேர் வரை நடக்கிற பேரணி என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாருக்கும் முன்வரிசையில் பேனர் பிடிக்கத்தான் விருப்பம். போட்டோ அங்கேதான் எடுப்பார்கள். ஆனால் பேரணி கெட்டுப்போவது பெரும்பாலும் பின்னால்தான். கூட்டம் நடுவில் அறுந்து, பின்தங்கிய இருபது முப்பது பேர் ஏதோ ஒரு தெருமுனையில் தனியாக நிற்கும்போதுதான் வம்பு வளர்கிறது, பைக் உள்ளே நுழைகிறது, வயதானவர் மயங்கி உட்காருகிறார். முன்னால் போகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. அதனால் தொண்டர் வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் வாலில் நில்லுங்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு ஏற்பாட்டையும் "கடைசியில் நடப்பவருக்கு இது எப்படி இருக்கும்?" என்று கேட்டுப் பார்த்தால் பாதித் தவறுகள் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

சேருவதற்கு முன் கேளுங்கள்

யார் நடத்துகிறார்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு கிடையாது. வணிகர் சங்கமா, நூலக வாசகர் வட்டமா, ஜமாத்தும் பங்குத் தந்தையும் கோயில் நிர்வாகிகளும் சேர்ந்தா, ஏதாவது கட்சியா? கட்சி நடத்தினால் தப்பில்லை. கட்சி என்று சொல்லாமல் நடத்தினால்தான் சிக்கல். பணம் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்கலாம். ஒரே ஆள் மொத்தச் செலவையும் ஏற்கிறார் என்றால், அன்றைக்கு மைக்கும் அவர் கையில்தான் இருக்கும்.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியம். ஊரில் ஏதோ நடந்ததற்காகப் பேரணி என்றால், அடிபட்ட தரப்பிடம் யாராவது போய்க் கேட்டார்களா? நம்மூரில் 'சமாதானம்' என்றால் பல நேரம் அடிபட்டவர் புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்றுதான் பொருள். வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் அமைதிப் பேச்சுவார்த்தை ஒரு வேலை. காவல் நிலையத்தில் பதிவான வழக்கு இன்னொரு வேலை. பேரணி மூன்றாவது. ஒன்றைக் காட்டி இன்னொன்றை நிறுத்தக் கூடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது "பேரணியே நடத்துகிறோமே, கேஸ் எதற்கு?" என்று ஒருவர் கேட்டால், அந்த ஏற்பாட்டில் நீங்கள் நிற்க வேண்டாம். எழுந்து வந்துவிடலாம். பாதிக்கப்பட்ட குடும்பம் "நாங்கள் வரவில்லை, ஆனால் நடத்துங்கள்" என்றால் நடத்தலாம். "வேண்டாம்" என்றால் தள்ளிப்போடுங்கள்.

முதல் கூட்டம்

முதல் கூட்டத்தில் பெரிதாகப் பேச வேண்டியதில்லை. வாரத்தில் எத்தனை மணி நேரம் வர முடியும், வண்டி இருக்கிறதா, எந்தத் தெருவில் ஆட்களைத் தெரியும் என்று மூன்றைச் சொல்லுங்கள். ஒரே ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள். "எதுவானாலும் செய்கிறேன்" என்பவருக்குக் கடைசியில் எதுவும் வராது, அல்லது எல்லாம் வந்து சேரும்.

நோட்டீஸில் பெயர் போடுவது பற்றிய சண்டை நிச்சயம் வரும். ஊர் ஒற்றுமைக்காக நடத்தும் பேரணி, யார் பெயர் யாருக்கு மேலே என்பதில் உடைந்துபோவது நம்மிடம் அபூர்வம் இல்லை. அமைப்புகளின் பெயரை அகர வரிசையில் போடுவது, தனி நபர் பெயரே போடாமல் விடுவது என்று இரண்டு வழிதான் எனக்குத் தெரிந்து வேலை செய்கின்றன. கூடவே அடியில் "பொன்னாடை, மாலை மரியாதை கிடையாது" என்று ஒரு வரி அச்சடித்துவிடுங்கள். முடிவுக் கூட்டத்தில் அரை மணி நேரம் மிச்சம்.

கோஷங்களையும் அன்றே எழுதி முடிவுசெய்ய வேண்டும். ஆறேழு போதும், ஒரே தாளில். எந்தச் சாதி, கட்சி, ஆள் பெயரும் அதில் வரக் கூடாது. தாளில் இல்லாததை யாரும் சொல்லக் கூடாது என்பதைக் கூட்டத்திலேயே எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். உற்சாகத்தில் ஒருவர் கூடுதலாகப் போடும் ஒரு கோஷம்தான் மறுநாள் வாட்ஸ்அப்பில் சுற்றும்.

நாளும் நேரமும்

காலண்டரை விரித்து வையுங்கள். விநாயகர் சிலை கரைப்பு, மீலாது நபி, முஹர்ரம், மாதா தேர், உள்ளூர் அம்மன் திருவிழா ஆகியவற்றுக்கு முன்னும் பின்னும் சில நாள் விட்டுவிடுங்கள். காவலர்கள் எல்லாரும் அந்த வேலையில் இருப்பார்கள். உங்களுக்குப் பாதுகாப்புக்கு ஆள் கிடைக்காது. முகூர்த்த நாளில் மண்டபத் தெரு அடைத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரமும் ஞாயிறு காலைப் பூசை நேரமும் வேண்டாம். மார்ச்சில் பொதுத்தேர்வு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அதனால் மாற்று நாள் ஒன்று கையில் இருக்கட்டும். ஏப்ரல், மே வெயிலில் நடத்தியே ஆக வேண்டும் என்றால் காலை ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடுங்கள்.

ஜனவரி 30 தியாகிகள் நாள். அன்று காலை 11 மணிக்கு நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனம் காக்கும் வழக்கம் உண்டு. பேரணி அந்த நேரத்தில் ஒரு நாற்சந்தியில் நிற்கும்படி அமைத்தால் தனியாக நிகழ்ச்சி எதுவும் தேவைப்படாது.

பாதையை நடந்து பாருங்கள்

பாதையை வண்டியில் போய்ப் பார்க்காதீர்கள். பேரணி நடக்கப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில், இரண்டு பேராக நடந்து பாருங்கள். ஒருவர் எழுத வேண்டும். எங்கே சாக்கடை மூடி உடைந்திருக்கிறது, எங்கே தெரு குறுகுகிறது, மினி பஸ் எத்தனை மணிக்குத் திரும்புகிறது, எங்கே நிழல், எந்த வீட்டில், எந்தப் பள்ளியில் கழிப்பறை தருவார்கள், எங்கே டாஸ்மாக். டாஸ்மாக் வாசலைச் சாயங்காலம் கடப்பதைப் போல வேண்டாத வேலை இல்லை. முடிந்தால் ஒரு தெரு சுற்றிப் போங்கள்.

மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். அந்த இடங்களில் மைக்கை அணைத்துவிட்டு மௌனமாக நடக்கலாம். உண்மையில் மௌனமாக நடக்கும் அந்த 200 மீட்டரில்தான் கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள்.

தூரம் இரண்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் போதும். தனியாக நடப்பவர் மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் போவார். கூட்டம் போகாது, இரண்டரை என்று வையுங்கள். இங்கே ஒரு சின்னக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் போக்குவரத்துக் காவலர் உங்களிடம் இதைத்தான் கேட்பார்: "சிக்னலைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும்?" நால்வர் நால்வராக 400 பேர் என்றால் 100 வரிசை. வரிசைக்கு ஒன்றரை மீட்டர் விட்டால் 150 மீட்டர் நீளம். மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு 42 மீட்டர். ஆக நாலு நிமிடத்துக்குள் கடந்துவிடலாம். ஆயிரம் பேர் என்றால் ஒன்பது நிமிடம். இது தாளில். தெருவில் கூட்டம் இழுபடும், அதனால் இரட்டிப்பாகச் சொல்லுங்கள். இழுபடுவதைக் குறைக்க வழி ஒன்றுதான்: முன்னால் போகிறவரை மெதுவாக நடக்கவைப்பது. கூட்டத்திலேயே மெதுவாக நடக்கும் பாட்டியம்மாவைப் பேனருக்கு அடுத்த வரிசையில் விடுங்கள். வேகம் தானாகச் சரியாகிவிடும்.

பாதை பற்றி இன்னொரு விஷயம், கொஞ்சம் கசப்பானது. பேருந்து நிலையத்தில் தொடங்கி, கடைவீதி வழியாக, காந்தி சிலையில் முடியும் பேரணிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். காலனித் தெருப் பக்கம் அவை திரும்புவதே இல்லை. கேட்டால் "அது சுற்று வழி" என்பார்கள், அல்லது "எதற்கு வம்பு?" என்பார்கள். ஊரில் யார் பயத்தில் இருக்கிறார்களோ அவர்கள் தெருவைத் தொடாமல் போகும் பேரணி யாருக்காக என்று எனக்குப் புரிவதில்லை. அதே நேரம், கேட்காமல் கொள்ளாமல் ஐந்நூறு பேர் ஒரு குறுகிய தெருவுக்குள் நுழைவதும் மிரட்டல் மாதிரிதான். ஆகவே முன்கூட்டியே போங்கள். அந்தத் தெருப் பெரியவர்களிடமும், முக்கியமாகப் பெண்களிடமும் கேளுங்கள். "எங்கள் தெருவிலிருந்தே கிளம்பட்டுமே" என்று அவர்களே சொன்னால் அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

வழியில் இருப்பவர்களோடு முன்பே பேசிவைப்பதன் அருமை தெரிய வேண்டுமானால் வேதாரண்யம் உப்பு யாத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள். 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து கிளம்பினார். அவர்களுக்குச் சோறு போட்டாலும் தங்க இடம் கொடுத்தாலும் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழிநெடுக மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். தொண்டர்கள் அவிழ்த்துச் சாப்பிட்டுக்கொண்டே நடந்து, அந்த மாதம் 28-ஆம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். தெருக்காரர்கள் உங்கள் பக்கம் இருந்தால் தண்ணீருக்கும் நிழலுக்கும் கவலையே இல்லை. டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட், பூக்காரம்மா என்று ஒவ்வொருவரிடமும் ஒரு நோட்டீஸ் கொடுத்து, "இத்தனை மணிக்கு வருவோம், பத்து நிமிஷம் வழி மறிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். புதுத் தொண்டருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. முன் அனுபவம் தேவையில்லை, ஊரும் பழகிவிடும்.

அனுமதி

ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை அரசியலமைப்பின் 19(1)(ஆ) பிரிவில் இருக்கிறது. அதற்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கும் அதிகாரமும் அரசுக்கு அதே 19-ஆம் பிரிவில் இருக்கிறது. நடைமுறையில் காவல்துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் சாலையில் இறங்காதீர்கள். சென்னை நகரக் காவல் சட்டத்தின் 41-ஆம் பிரிவு குறைந்தது 5 நாளுக்கு முன் விண்ணப்பிக்கச் சொல்கிறது. மாவட்டங்களில் 1861-ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30(2) பிரிவைக் காட்டிக் கட்டுப்பாடு போடுவார்கள். எந்த ஊராக இருந்தாலும் மூன்று வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். மறுத்தால் உயர் நீதிமன்றத்துக்கோ அதன் மதுரைக் கிளைக்கோ போக நேரம் வேண்டும். கடைசி நாளில் மறுப்பு வந்தால் எதுவும் செய்ய முடியாது. மறுத்தால், காரணத்தோடு எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 27-ஆம் தேதி கரூர் நெரிசலில் 41 பேர் இறந்த பிறகு கூட்டம் என்றாலே அதிகாரிகள் கூடுதலாகக் கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். படிவமும் நிபந்தனைகளும் மாறும் என்பதால் பழைய மனுவை அப்படியே நகலெடுக்காமல் நிலையத்தில் போய் இப்போதையதைக் கேட்டு வாங்குங்கள்.

மனுவில் தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், தெரு தெருவாகப் பாதை, எதிர்பார்க்கும் ஆட்கள், வண்டிகளின் எண், ஒலிபெருக்கி விவரம், பொறுப்பாளர்களின் பெயரும் கைபேசியும் இருக்க வேண்டும். சிலைக்கு மாலை போடுவதாக இருந்தால் அதையும் எழுதுங்கள். அன்றைக்குப் போய்க் கேட்டால் கம்பிக் கூண்டின் சாவி கிடைக்காது. கூம்பு ஒலிபெருக்கிக்குப் பெரும்பாலும் அனுமதி தருவதில்லை, பெட்டி வகையையே கேளுங்கள். உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நிலையத்தை விட்டு நகராதீர்கள். ஆட்களின் எண்ணிக்கையை ஏற்றியோ குறைத்தோ சொல்லாதீர்கள். நோட்டீஸ் வெளியான மறுநாளே, காவல்துறைக்குத் தகவல் சேகரிக்கும் தனிப்பிரிவு ஏட்டு போன் செய்து "எத்தனை பேர் சார் வருவாங்க, யார் யார் பேசுறாங்க?" என்பார். அது அவர் வேலை. மறைக்க நமக்கு ஒன்றும் இல்லை என்பதால் ஒரே ஆள், எப்போதும் அதே ஆள், பதில் சொல்லட்டும்.

பேனர் வைப்பது தனி விவகாரம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்திருந்த பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்தது நினைவிருக்கும். அமைதிப் பேரணிக்கு அனுமதியில்லாத ஃபிளக்ஸ் வைப்பது நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் வேட்டு. கையில் பிடிக்கும் துணிப் பேனர் ஒன்று, அட்டையில் எழுதிய தட்டிகள் கொஞ்சம். போதும்.

தொண்டர்களைத் தயார்செய்வது

இருபது இருபத்தைந்து பேருக்கு ஒரு தொண்டர் என்பது என் கணக்கு. 400 பேர் என்றால் இருபது தொண்டர்கள் வரை. அதில் பாதிப் பேராவது பெண்கள். பேரணிக்கு இரண்டு நாள் முன்பு எல்லாரும் ஒரு மைதானத்தில் ஒரு மணி நேரம் கூடிப் பழகிப் பார்க்க வேண்டும். இதைத் தள்ளிப்போடும் குழுக்கள்தான் அதிகம். "நமக்குத் தெரியாததா?" என்பார்கள்.

முதலில் அடையாளம். எந்த நிறத்தில் பட்டை கட்டுவது என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் சிவப்பு, கருப்பு, நீலம், காவி, பச்சை, மஞ்சள் எல்லாவற்றுக்கும் நம்மூரில் சொந்தக்காரர் உண்டு. தென்மாவட்டங்களில் கையில் கட்டும் கயிற்றின் நிறமே சாதியைச் சொல்லும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் அந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொல்லி 2024-இல் பரிந்துரைத்தது. எனவே வெள்ளைத் துணிப் பட்டை, அதில் 'தொண்டர்' என்று கருப்பு மையில் எழுத்து. பெயர் வேண்டாம். கையில் வேறு கயிறு கட்டியிருப்பவர் அன்றைக்கு மட்டும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளட்டும். நானாக இருந்தால் கயிற்றையே கழற்றச் சொல்வேன்; சிலர் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

அப்புறம் நிற்கும் இடம். பேனருக்கு முன்னால் இருவர், அவர்களில் ஒருவர் காவல்துறையோடு பேசுபவர். இரு பக்கமும் கயிறு பிடிப்பவர்கள். நைலான் கயிறு உள்ளங்கையை அறுக்கும், பருத்திக் கயிறு வாங்குங்கள். குறுக்குத் தெரு ஒவ்வொன்றுக்கும் இருவர், கூட்டம் கடந்ததும் அவர்கள் ஓடிப்போய் அடுத்த தெருவைப் பிடிக்க வேண்டும். கடைசியாக வால்: குறைந்தது நால்வர், அனுபவசாலிகளும் புதியவர்களும் கலந்து. வாலுக்குப் பின்னால் ஒரு குட்டி யானை வண்டி, நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள. வாலில் நிற்கும் அந்த நால்வரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது, அவ்வளவுதான் வாலின் வேலை. அது எளிது போலத் தெரியும். கடையில் ஜூஸ் குடிக்க நின்ற மூன்று இளைஞர்களை அன்பாக நகர்த்திப் பார்த்தால் தெரியும்.

தொண்டர் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? பக்கத்தில் நடப்பவர்கள் கூட்டத்தைப் பார்க்க வேண்டும், மேடையையோ பேனரையோ இல்லை. விசில் ஊதாதீர்கள், போக்குவரத்துக் காவலர் விசிலோடு குழம்பும். கை உயர்த்தினால் நிற்பது. இரு கையையும் கீழே அமர்த்தினால் மெதுவாகப் போவது. இரண்டு சைகை போதும். நடுவில் இடைவெளி விழுந்தால் பின்னால் இருப்பவர்களை ஓடவைக்கக் கூடாது, முன்னால் இருப்பவர்களை நிறுத்த வேண்டும். ஓடுகிற கூட்டத்தைப் பார்த்தால் தெருவில் நிற்பவர்களும் ஓடுவார்கள், எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

இனி வம்பு. டீக்கடையிலிருந்து ஒருவர் ஏதோ கத்துகிறார். அதை மைதானத்தில் நடித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் கத்தட்டும், மற்றவர்கள் பழகட்டும். இரண்டு தொண்டர்கள் கத்துபவருக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வந்து நடக்கிறார்கள். நிற்பதில்லை, பதில் சொல்வதில்லை, தொடுவதில்லை, போனைத் தூக்கி வீடியோ எடுப்பதில்லை. வீடியோதான் பாதிச் சண்டையை மூட்டுகிறது. கூட்டத்தில் யாராவது திரும்பிப் பதில் சொல்லப் போனால் "அண்ணே, வாங்க, முன்னாடி தண்ணி கொடுக்குறாங்க" என்று தோளோடு தோளாக நடத்திக் கூட்டிப்போகும் ஒருவர் வேண்டும். இந்தக் கலை சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. பேருந்து நடத்துனர், சத்துணவு அமைப்பாளர், செவிலியர் போன்றவர்களைத் தேடிச் சேருங்கள். கத்துபவர் நகர மறுத்தால் காவலரிடம் சொல்வது ஒருவர் வேலை. கல் விழுந்தால் பேரணி அங்கேயே நிற்கும், உட்காரும். கலைந்து ஓடுவதுமில்லை, எதிர்த்துப் போவதுமில்லை.

வதந்திக்கும் பயிற்சி தேவை. "அந்தத் தெருவில் நம்ம ஆளை அடிச்சுட்டாங்களாம்" என்று குரல் பதிவு ஒன்று வரும். யார் பார்த்தது, எந்த இடம், எத்தனை மணிக்கு என்று மூன்றைக் கேளுங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் அனுப்பாதீர்கள். ஒருவர் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். தொண்டர்கள் வாட்ஸ்அப் குழுவில் அட்மின் மட்டும் எழுதும்படி வையுங்கள். கூட்டத்தில் சிக்னல் கிடைக்காது என்பதால் ஓடிச் சொல்ல இரண்டு பேர் எப்போதும் சும்மா இருக்கட்டும்.

தண்ணீர், சாப்பாடு, மருந்து

ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர். 400 பேருக்கு 200 லிட்டர், அதாவது இருபது லிட்டர் கேன் பத்து. தண்ணீர்ப் பாக்கெட் வாங்காதீர்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்த ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பட்டியலில் அதுவும் இருக்கிறது. கேனும் எவர்சில்வர் டம்ளரும் போதும், அண்ணாந்து குடிக்கத் தெரியாதவர் நம்மில் யார்? முக்கியமாக, தண்ணீர் வைக்கும் மேசையைப் பாதைக்கு முதல் பாதியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். முன்னால் போனவர்கள் குடித்துத் தீர்த்த பின் வாலுக்குக் காலிக் கேன்தான் கிடைக்கும். இரண்டு கேனைக் குட்டி யானையிலேயே வையுங்கள்.

சாப்பாடு தேவைப்பட்டால் கெடாததாக இருக்கட்டும். 1963 ஆகஸ்டு 28-ஆம் தேதி வாஷிங்டனில் கருப்பின மக்களின் உரிமைக்காக இரண்டரை லட்சம் பேர் நடந்தபோது நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் தொண்டர்கள் 80,000 சீஸ் சாண்ட்விச் பொட்டலம் கட்டினார்கள். நமக்குப் புளியோதரை இருக்கிறது, எலுமிச்சை சாதம் இருக்கிறது. தயிர் சாதம் பதினோரு மணிக்கு மேல் ஆபத்து. நீர்மோர் அன்று காலை கலக்கியதாக இருக்கட்டும்.

ஓஆர்எஸ் பொட்டலம், பஞ்சு, கட்டுத்துணி, குளுக்கோஸ் ஒரு பையில். சர்க்கரை நோய் இருப்பவர்கள் சாப்பிடாமல் வரக் கூடாது என்பதை நோட்டீஸிலேயே போடுங்கள். பாதையில் எந்த இடத்தில் 108 வண்டி உள்ளே வர முடியும் என்று நடந்து பார்த்தபோதே குறித்திருப்பீர்கள். ஆம்புலன்ஸ் வந்தால் கூட்டம் இடது பக்கம் ஒதுங்க வேண்டும். இதையும் மைதானத்தில் பழகுங்கள்.

பள்ளி மாணவர்களை வரிசையாகக் கூட்டிவந்து நிறுத்துவது எனக்குப் பிடிக்காது. பெற்றோர் கூட்டிவந்தால் வரட்டும்.

அன்றைக்கு

பேரணிக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். மைக்செட் வேலை செய்கிறதா, கயிறு வந்ததா, பட்டை எல்லாருக்கும் கிடைத்ததா என்று பாருங்கள். சொன்ன நேரத்துக்கு 15 நிமிடத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள், பெரிய மனிதர் வராவிட்டாலும். வெயிலில் நிற்பவர்கள் கிழவர்களும் குழந்தைகளும்தான். காரில் வருபவர் முடியும் இடத்துக்கு நேராக வந்துகொள்ளட்டும். கட்சிக் கொடியோடு வருபவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள், "அண்ணாச்சி, கொடியைச் சுருட்டி வண்டியில வச்சுட்டு வாங்க." அவருக்குத் தெரிந்தவர் சொன்னால் கேட்பார், அதனால் யாரிடம் யார் பேசுவது என்று முன்பே முடிவு செய்திருப்பது நல்லது.

முடிவுக் கூட்டத்தில் பேச்சாளர்கள் மூன்று பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம். மேடையில் நாற்காலி போடாதீர்கள். நாற்காலி போட்டால் உட்காருபவர்கள் பெருகுவார்கள். வால் வந்து சேரும்வரை முதல் பேச்சு தொடங்கக் கூடாது. இதை மைக் பிடிப்பவரிடம் மூன்று தடவை சொல்லிவையுங்கள், ஏனென்றால் மறந்துவிடுவார். கடைசி ஆள் வந்துவிட்டார் என்று வால் தொண்டர் கை தூக்கிக் காட்டிய பிறகே "அன்பார்ந்த" என்று ஆரம்பிக்க வேண்டும்.

கலையும் நேரம் தனிக் கவனம் கேட்கிறது. பட்டையைக் கழற்றிவிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். அப்போதுதான் தனித்தனியாக வீடு திரும்பும் இளைஞர்கள் மேல் கை வைக்க நினைப்பவர்கள் கை வைப்பார்கள். வேறு தெருவைக் கடந்து வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் குழுவாகப் போகட்டும், கூட ஒரு தொண்டர் போகட்டும். பெண் தொண்டர்கள் வீடு சேர்ந்ததும் ஒருவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். கடைசித் தொண்டர் வீடு சேர்ந்த பிறகே பொறுப்பாளர் போனை அணைக்கலாம்.

மறுநாள்

தெருவைச் சுத்தம் செய்வது அன்றே முடிந்திருக்க வேண்டும். தூய்மைப் பணியாளர்கள் தலையில் கட்டக் கூடாது. சுவரில் ஒட்டிய நோட்டீஸைக் கிழித்தெடுங்கள். கடைகளில் இரவலாக வாங்கிய கயிறு, நாற்காலி, டம்ளரை எண்ணித் திருப்பிக் கொடுங்கள். காவல் நிலையத்துக்கும் கழிப்பறை திறந்துவிட்ட பள்ளிக்கும் போய் ஒரு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த முறை அனுமதி கேட்கப்போகும்போது அது உதவும்.

வரவு செலவை ஒரு தாளில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்திட்டு, நன்கொடை தந்த எல்லாருக்கும் அனுப்புங்கள். ரசீது இல்லாத செலவை "இதர" என்று எழுதாதீர்கள். டீ என்றால் டீ என்றே எழுதுங்கள். மீதிப் பணம் இருந்தால் என்ன செய்வது என்பதைக் குழு கூடி முடிவு செய்யட்டும். ஒரு வாரத்துக்குள் அந்தக் கூட்டத்தைக் கூட்டிவிட வேண்டும். அங்கே பேனர் பிடித்தவர்கள் பேசுவதற்கு முன்பே வாலில் நின்றவர்களைப் பேசச் சொல்லுங்கள். எங்கே கூட்டம் அறுந்தது, எந்தத் தெருவில் ஜன்னல் சாத்திக்கொண்டார்கள், யார் தண்ணீர் கேட்டும் கிடைக்கவில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும். அதை ஒரு நோட்டில் எழுதி அடுத்த முறை நடத்தப்போகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.